ஐசியைக் கழற்றும் முன்: எல்இடி பலகை பழுது நீக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

எல்இடி பலகைகளைச் செய்வோருக்கும், பொருத்துவோருக்கும், பழுது நீக்குவோருக்கும்,

தொடராக இணைத்த எல்இடி டிரைவர் ஐசிகளில் டேட்டாவுக்கு ஒரே வழிதான் உண்டு. முதல் ஐசிக்குள் நுழைந்து, அதன் தொடர் வெளியீட்டுக் காலில் வெளியே வந்து, அடுத்த ஐசியின் டேட்டா வாசலுக்குப் போகிறது. கிளாக், லேட்ச், அவுட்புட் எனேபிள் ஆகிய மூன்று லைன்களும் எல்லா ஐசிகளுக்கும் பொதுவாக ஓடுகின்றன. வாளியில் தண்ணீரைக் கைமாற்றும் வரிசையைப் போல, எல்லாரும் ஒரே விசிலுக்குக் கையை நீட்டினாலும் வாளி ஒவ்வொருவர் கையாகத்தான் நகர வேண்டும். பழுது பார்க்கும் வேலை முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பலகையைப் பார்த்தால், எங்கே எது கெட்டது என்பதைப் பெரும்பாலும் பலகையே சொல்லிவிடும். சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் அதை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்கே இந்த மடல்.

கடைவாசலில் பலகை கெட்டதும் வழக்கமாக வரும் தீர்ப்பு, "ஐசி போயிருச்சு சார்" என்பது. ஒரு 74எச்சி595 ஐசியின் விலை சில ரூபாய்தான், மாற்றிப் பார்ப்பதில் என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். ஐசியின் விலையில் நட்டமில்லை. பதினாறு கால்களைச் சூடாக்கிக் கழற்றும்போது உரிந்துபோகும் செப்புத் தடத்தில் நட்டம். பழைய பழுதின் மேல் புதிய பழுது ஏறி, இரண்டும் கலந்து, கடைசியில் பேனலையே தூக்கி எறிவதில் நட்டம். ஐசியை மாற்றியதும் சரியான பலகை, பத்து நாளில் அதே குறையோடு திரும்பி வந்தால், குறை ஐசியில் இருந்ததில்லை. ஐசியை மாற்றக் கனெக்டரைக் கழற்றி மாட்டியபோது துரு கொஞ்சம் உரசிப்போனதுதான் அந்தப் பத்து நாள் வாழ்வு.

நம் கடைத்தெருக்களில் அதிகம் காணும் ஒற்றை நிற பி10 பேனலையே எடுத்துக்கொள்ளுங்கள். 32 பத்திகள், 16 வரிசைகள், மொத்தம் 512 எல்இடிகள். நான்கில் ஒரு பங்கு வரிசைகளே ஒரு நேரத்தில் எரிவதால், ஒரு சுற்றுக்கு 128 பிட்டுகள் தேவை. அதற்குப் பதினாறு 595 ஐசிகள். எந்த வரிசைகள் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது 74எச்சி138. அந்த வரிசைகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது 4953 மாஸ்ஃபெட்டுகள். ஆகவே நான்கு வரிசைக்கு ஒரு வரிசை வீதம் பேனல் முழுவதும் இருண்டிருந்தால் 595 பக்கமே போகாதீர்கள். அது டேட்டா குறையே இல்லை. 138, 4953, அல்லது 138க்கு வரிசையைச் சொல்லும் ஏ, பி என்ற இரண்டு லைன்களில் ஒன்று.

டேட்டா குறைக்கு வேறு முகங்கள் உண்டு. ஓர் இடம் வரை எழுத்து சரியாக இருந்து, அதற்கப்பால் எல்லாம் இருண்டோ, எல்லாம் எரிந்தோ, குப்பையாகவோ இருந்தால், அந்த எல்லையில் டேட்டா அறுந்திருக்கிறது, அல்லது அந்த ஐசிக்குக் கிளாக் வரவில்லை. ஒரே ஓர் ஐசிக்கு உரிய புள்ளிகள் மட்டும் உறைந்து நிற்க, அதற்குப் பின்னால் உள்ளவை ஒழுங்காக ஓடினால், அந்த ஐசிக்கு லேட்ச் வரவில்லை. உள்ளே டேட்டா நகர்ந்து அடுத்தவருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது; வெளியே காட்ட மட்டும் கட்டளை கிடைக்கவில்லை. அதே புள்ளிகள் அணைந்தோ, மங்கியோ, கை அருகே போனால் மினுக்கியோ நின்றால் 13ஆம் காலான அவுட்புட் எனேபிளைப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் எரியவில்லை என்றால் அது எல்இடியோ அந்த ஒரு தடமோதான். ஐசிகளைக் கோத்த செயினுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகள் செயினிலும் அடுத்தடுத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். பி10 பேனலில் டேட்டா வளைந்து வளைந்து ஏறி இறங்கிப் போகும். ஓர் ஐசியின் 9ஆம் காலிலிருந்து புறப்படும் தடம் எந்த ஐசியின் 14ஆம் காலில் முடிகிறது என்று மல்டிமீட்டரின் பீப் ஒலியை வைத்து ஒருமுறை தொடர்ந்துவிட்டால் செயினின் வரிசை கைக்கு வந்துவிடும். அதை ஒரு தாளில் வரைந்து பேனலின் பின்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை அந்தப் பேனலைத் திறப்பவர் நீங்களாகவே இருக்கலாம்.

எல்லையைக் கண்டபின் இரண்டு பேர் மேல் சந்தேகம் வரும். சரியாக வேலை செய்யும் கடைசி ஐசி டேட்டாவை வெளியே விடவில்லையா, வேலை செய்யாத முதல் ஐசி வாங்கவில்லையா? 595 இதற்கு வசதியான ஒரு சோதனையைத் தானே வைத்திருக்கிறது. அதன் எட்டாவது வெளியீடு 7ஆம் காலில் வருகிறது. அடுத்த ஐசிக்குப் போகும் தொடர் வெளியீடு 9ஆம் காலில் வருகிறது. இரண்டும் உள்ளே ஒரே பிட்டிலிருந்து பிறந்தவை. கன்ட்ரோலரை ஒரு பிட்டு, ஒரு கிளாக், ஒரு லேட்ச் என்று நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், லேட்ச் கொடுத்த பிறகு 7உம் 9உம் ஒரே நிலையில் இருக்க வேண்டும். 7 மாறுகிறது, 9 மாறவில்லை என்றால் ஐசி போய்விட்டது. இப்போது தாராளமாகக் கழற்றலாம். இரண்டும் சேர்ந்து மாறுகின்றன, ஆனால் அடுத்த ஐசியின் 14ஆம் காலில் அசைவில்லை என்றால் தடமோ, கனெக்டரோ, ட்ரை சால்டரோ இடையில் நிற்கிறது. மரக்குச்சி ஒன்றால் அந்த இடத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். இதற்கு ஸ்கோப் தேவையில்லை. சாதாரண மல்டிமீட்டர் போதும்.

மிதக்கும் கால்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் செயல்திட்டப் பலகைகளில் பாதிக் குழப்பம் இவற்றால்தான். 595இன் 10ஆம் கால் உள்ளிருக்கும் டேட்டாவை அழிப்பது. அது 5 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். எதனோடும் சேராமல் விட்டால் பக்கத்து வயரின் சலசலப்பே போதும், டேட்டா நடுவழியில் அழியும். 13ஆம் காலுக்கும் இதே கதை. 595 மின்சாரம் வந்ததும் தன்னைத் தானே பூச்சியமாக்கிக்கொள்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் பலகை முழுக்கக் குப்பை தெரிவது பழுதாகாது. 13ஆம் காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்து, முதல் டேட்டா போய்ச் சேர்ந்த பிறகு கன்ட்ரோலர் அதைக் கீழே இறக்கும்படி செய்தால் அந்தக் குப்பையும் தெரியாது.

இனி, மிக அதிகமாக ஏமாற்றும் பழுது. எழுத்து தெரிகிறது, ஆனால் ஓர் ஐசிக்கு அப்பால் எல்லாம் ஒரு புள்ளி தள்ளி நிற்கிறது. அல்லது எப்போதாவது ஒருமுறை தள்ளிப்போய்ப் பின் சரியாகிறது. இதைக் கண்டதும் நீங்கள் செய்யும் முதல் வேலை கிளாக் வேகத்தைக் குறைப்பது. அது பாதி வழிதான். வேகத்தைக் குறைத்ததும் பழுது போய்விட்டால், டேட்டா தாமதமாக வந்து சேர்கிறது என்று பொருள். நீண்ட கேபிள், பலவீனமான டிரைவர், இப்படி ஏதோ ஒன்று. வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் பழுது அப்படியே நின்றால், மென்பொருளைக் குறை சொல்லி இரவைக் கழிக்க வேண்டாம். வேகத்தோடு தொடர்பே இல்லாத இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, கிளாக்கின் எதிரொலி. கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போகச் சுமார் 5 நானோவினாடி ஆகிறது. 595 போன்ற ஐசிகளை ஓட்டும் சிக்னல் எழும்ப எடுத்துக்கொள்வதும் சில நானோவினாடிகள்தான். கேபிள் நீண்டால், மறுமுனையில் மோதித் திரும்பும் அலை, எழும்பும் விளிம்பிலேயே ஒரு பள்ளத்தை உண்டாக்கும். ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறுவதை ஐசி இரண்டு கிளாக்குகளாக எண்ணிக்கொள்ளும். வினாடிக்கு ஒரே ஒரு கிளாக் கொடுத்தாலும் அதன் விளிம்பு அதே கூர்மையோடுதான் வருகிறது. ஆகவே அதே தவறு நடக்கும். மருந்து, கிளாக் புறப்படும் இடத்தில் 33 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டரைத் தொடராக வைப்பது. கிளாக் வயருக்குப் பக்கத்திலேயே ஒரு கிரவுண்டு வயரைக் கொண்டுபோவது. ரெசிஸ்டரைக் கேபிளின் மறுமுனையில் தொடராக வைத்துவிட்டுப் பயனில்லை என்று கைவிடுவோர் உண்டு. அது புறப்படும் முனையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கிளாக் பிந்துவது. 595இல் கிளாக் எழுந்த சுமார் 20 நானோவினாடியில் 9ஆம் காலில் புதிய பிட்டு வந்துவிடுகிறது. அடுத்த ஐசிக்குக் கிளாக் அதைவிடத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அது பழைய பிட்டை எடுப்பதற்குப் பதிலாகப் புதியதை எடுத்துவிடும். ஒரு பிட்டு தொலைந்துபோகும். ஒரு 74எச்சி245 பஃபர் ஏறத்தாழ 10 நானோவினாடித் தாமதம் தரும். டேட்டா நேராகப் போக, கிளாக் மட்டும் இரண்டு பஃபர்களைக் கடந்து வந்தால் 20 ஆகிவிட்டது. ஆகவே இரண்டையும் ஒரே எண்ணிக்கையிலான பஃபர்கள் வழியே அனுப்புங்கள். புதிதாக வடிவமைப்போர், கிளாக்கைச் செயினின் கடைசி ஐசியிலிருந்து முதல் ஐசியை நோக்கி ஓடவிட்டால் இந்தத் தொல்லை பிறக்கவே பிறக்காது. மேட்ரிக்ஸ் தொகுதிகளை ஓட்டும் மேக்ஸ்7219 ஐசியில் டேட்டா உள்ளே போவது கிளாக் எழும்போது, வெளியே வருவது கிளாக் விழும்போது. அந்த அரைச் சுற்று இடைவெளி அடுத்த ஐசிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. 595இல் அந்த வசதி இல்லை.

மேக்ஸ்7219க்கு வேறொரு நோய் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நான்கு மேட்ரிக்ஸ் தொகுதிகளில் ஒன்று திடீரென்று முழுவதும் எரிந்து நிற்கும், அல்லது முழுவதும் அணைந்துவிடும். பார்ப்பவர் ஐசி வெந்துவிட்டது என்று நினைப்பார். உண்மையில், லைனில் புகுந்த இரைச்சல் ஒரு கட்டளையாகப் படிக்கப்பட்டிருக்கும்: முழுவதும் எரிந்தால் டிஸ்ப்ளே டெஸ்ட், அணைந்தால் ஷட்டவுன். ஒவ்வோர் ஐசிக்கும் 16 பிட்டுகள். அதில் நான்கு பிட்டு முகவரி. ஒரு பிட்டு பிசகினால் எழுத்து கட்டளையாகிவிடும். டேட்டாவை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பி, கட்டளை ரெஜிஸ்டர்களைத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை எழுதும் நிரல்களில் இந்த நிலை மின்சாரத்தை நிறுத்தும்வரை மாறாது. ஒவ்வொரு சில வினாடிக்கும் டிஸ்ப்ளே டெஸ்ட், ஷட்டவுன், ஸ்கேன் லிமிட், டிகோட், வெளிச்சம் ஆகிய ஐந்தையும் மறுபடி எழுதுங்கள். இரைச்சலைத் தடுக்க, ஐசியின் மின் கால்களை ஒட்டி 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும், 104 என்று அச்சிட்ட செராமிக் ஒன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான தொகுதிகளில் இடம் மட்டும் இருக்கும், கெப்பாசிட்டர் இருக்காது.

வோல்ட்டேஜ் பொருத்தமின்மை இன்று பரவலான பழுது, ஏனெனில் ஈஎஸ்பி32 போன்ற கன்ட்ரோலர்கள் 3.3 வோல்ட்டில் பேச, பலகை 5 வோல்ட்டில் கேட்கிறது. எச்சி வகை ஐசி 5 வோல்ட்டில் ஓடும்போது, 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அதை ஒன்று என்று ஏற்பதாக உறுதி தருகிறது. மேக்ஸ்7219, ஒற்றை வயரில் டேட்டா வாங்கும் டபிள்யூஎஸ்2812பி எல்இடி இரண்டுக்கும் அதே 3.5 வோல்ட். 3.3 கொடுத்தும் மேசையில் ஓடுகிறதே என்பீர்கள். ஓடும், ஐசி உண்மையில் மாறும் இடம் 2.5 வோல்ட் பக்கத்தில் இருக்கும். ஆனால் கையிருப்பு எதுவும் இல்லை. ஒரு மீட்டரில் 60 எல்இடிகள் உள்ள டபிள்யூஎஸ்2812பி பட்டையில், எல்லாம் முழு வெள்ளையில் எரிந்தால் ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர் வீதம் 3.6 ஆம்பியர் ஓடும். கிரவுண்டு வயரில் 0.1 ஓம் தடை இருந்தால் அந்த மின்னோட்டம் கிரவுண்டையே 0.36 வோல்ட் தூக்கிவிடும். பட்டையின் கண்ணுக்கு உங்கள் 3.3 வோல்ட் 2.94 ஆகத் தெரியும். இருட்டில் ஒழுங்காக ஓடும் பட்டை வெள்ளைக்கு மாறியதும் பைத்தியம் பிடித்தாற்போல் மின்னுவது இதனால்தான். ஆகவே வெளிச்சத்தை ஐந்து சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். பழுது போய்விட்டால் டேட்டா லைனை விட்டுவிட்டுக் கிரவுண்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கவனியுங்கள்.

3.3க்கும் 5க்கும் இடையே 74எச்சிடி245 அல்லது 74ஏஎச்சிடி125 ஒன்றைப் போட வேண்டும். டி என்ற அந்த எழுத்தைக் கடையில் வலியுறுத்திக் கேட்டு வாங்குங்கள். எச்சிடி 2 வோல்ட்டிலேயே ஒன்றை ஒப்புக்கொள்ளும், எச்சி ஒப்புக்கொள்ளாது. எண் ஒன்றுதானே என்று எச்சிடி இருந்த இடத்தில் எச்சியைப் போட்டுப் புதுப் பழுதை உண்டாக்குவது நடந்துகொண்டே இருக்கிறது. ஐசி உடனே கிடைக்காத ஊரில் ஒரு கைவேலை உண்டு: டபிள்யூஎஸ்2812பி பட்டையின் முதல் எல்இடிக்கு மட்டும் 1என்4001 டயோடு வழியாக மின்சாரம் கொடுப்பது. 0.7 வோல்ட் குறைந்து அது 4.3இல் ஓடும்; அதற்கு 3 வோல்ட்டே ஒன்றாகத் தெரியும்; அது வெளியே விடும் 4.3 வோல்ட் அடுத்த எல்இடிக்குப் போதும். அழகான தந்திரம். ஆனால் அதை நிரந்தரப் பலகையில் வைக்காமல் இருப்பது நல்லது.

இந்த ஒற்றை வயர் எல்இடிகளில் கிளாக் தனியாக இல்லை. துடிப்பின் நீளமே பிட்டு. 0.4 மைக்ரோவினாடி உயர்ந்து நின்றால் பூச்சியம், 0.8 நின்றால் ஒன்று. ஒவ்வோர் எல்இடியும் தன் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் புதிதாக வடிவமைத்து அனுப்புவதால், கேபிள் குறை முதல் எல்இடியில்தான் பெரும்பாலும் வெளிப்படும். அதைக் கடந்துவிட்டால் பட்டை நெடுக ஓடும். நடுவில் அறுந்தால், எரியும் கடைசி எல்இடியும் எரியாத முதல் எல்இடியும் சந்தேகத்துக்கு உரியவை. எரியும் கடைசியின் வெளியீட்டிலிருந்து ஒரு வயரை, எரியாத முதலைத் தாண்டி அதற்கடுத்ததன் வாசலில் தொடுங்கள். பட்டை உயிர்பெற்றால் தாண்டப்பட்டது கெட்டது. பெறாவிட்டால், தான் மட்டும் அழகாக எரிந்துகொண்டு மற்றவருக்கு எதையும் விடாத அந்தக் கடைசிதான்.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். 24 மெகாஹெர்ட்ஸ், எட்டு சானல் லாஜிக் அனலைசர் இன்று மலிவாகக் கிடைக்கிறது. பிட்டுகளின் வரிசையைப் பார்க்க அது அருமையானது. ஆனால் அது உயரம், தாழ்வு என்று இரண்டையே காட்டும். எதிரொலியையும் அரைகுறை வோல்ட்டேஜையும் அது மறைத்துவிடும். அவற்றுக்கு ஸ்கோப்தான் வேண்டும். ஸ்கோப்பின் முனையைக் கிளாக்கில் வைத்ததும் பழுது மறைந்தால் எரிச்சல்பட வேண்டாம். முனையின் சில பிக்கோஃபாரட் சுமை விளிம்பை மழுங்கச் செய்திருக்கிறது. விடை கிடைத்துவிட்டது: தொடர் ரெசிஸ்டர்.

ஆகவே கேட்பது இவைதான். பழுது பார்ப்போரே, பலகையை அணைக்கும் முன் அதை வீடியோ எடுத்துவையுங்கள். ஸ்கேன் ஆகும் பலகையில் ஒற்றைப் படம் பொய்க்கோடுகளைக் காட்டும். பிறகு ரிப்பன் கேபிளைக் கழற்றி, துருவைத் துடைத்து, சிவப்புக் கோடு 1ஆம் கால் பக்கம் இருக்கிறதா, உள்வாசலும் வெளிவாசலும் மாறவில்லையா என்று பாருங்கள். எல்லையைக் குறித்து, வெளிச்சத்தைக் குறைத்து ஒருமுறையும், வேகத்தைக் குறைத்து ஒருமுறையும் ஓட்டுங்கள். 7ஆம் காலையும் 9ஆம் காலையும் அளந்த பிறகும் ஐசிதான் குற்றவாளி என்றால் மாற்றுங்கள். வாடிக்கையாளரிடம் ஐசிக்குப் பணம் வாங்குவது அப்போது நியாயம்.

பலகையை வடிவமைப்போரே, ஒவ்வொரு நான்கு ஐசிக்கும் ஒருமுறை டேட்டா, கிளாக், லேட்ச், கிரவுண்டு நான்குக்கும் முள் வைக்கச் சிறு செப்புப் புள்ளிகளை விடுங்கள். கிளாக்கும் லேட்சும் புறப்படும் இடத்தில் ரெசிஸ்டருக்கு இடம் ஒதுக்குங்கள். தேவையில்லை என்று தோன்றினால் பூச்சியம் ஓம் போட்டுக்கொள்ளலாம். டேட்டா ஓடும் திசையை அம்புக்குறியாக அச்சிடுங்கள், ஐசிகளுக்குச் செயின் வரிசையிலேயே எண் கொடுங்கள். கடைசி ஐசியின் தொடர் வெளியீட்டை அநாதையாக விடாமல் ஒரு வயரில் கன்ட்ரோலருக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பதினாறு ஐசிகள் என்றால் 128 கிளாக்குக்குப் பின் அனுப்பிய பிட்டே திரும்பி வர வேண்டும். 127இல் வந்தாலோ 129இல் வந்தாலோ, வராமலே போனாலோ, கடை திறக்கும் முன் கன்ட்ரோலரே அதைக் கண்டுபிடித்துவிடும். அந்த ஒரு வயருக்கும் நாலு வரி நிரலுக்கும் உங்கள் அடுத்த பலகையில் இடம் வையுங்கள்.